வார்ப்பிரும்புக் கல்லைப் பழக்க நெடி குறைந்த எண்ணெய் எது?

கும்பகோணத்தில் எங்கள் வீடு வரிசை வீடு. இரண்டு பக்கமும் பொதுச்சுவர். எங்கள் அடுப்படியில் எழுகிற புகை வெளியேறுவதற்கு முன்பு அடுத்த வீட்டு முற்றத்தையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போகும். அப்படிப்பட்ட வீட்டில், சென்ற ஆண்டு புதிதாக வாங்கிய 12 அங்குல வார்ப்பிரும்புத் தோசைக்கல்லை, ஊரில் எல்லோரும் சொல்கிறபடி விளக்கெண்ணெய் தடவிப் பழக்க முற்பட்டேன். எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பரப்பி, பெரிய பர்னரில் தீயை முழுதாக வைத்துவிட்டுக் காத்திருந்தேன். பத்து நிமிடத்திற்குள் அடுப்படியில் எதிர்ச்சுவர் தெரியவில்லை, கண்ணில் நீர் கொட்டியது, தொண்டை கமறியது. பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு அப்பாலிருந்து, "தம்பி, என்னமோ காந்துதே, அடுப்புல எதையாவது வச்சுட்டு மறந்துட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார். இழுப்பு நோய் உள்ள அவருடைய கணவர் அன்று பொழுது சாயும்வரை வாசல் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. கொடியில் கிடந்த துணிகளிலிருந்து வாடை போக மூன்று நாளானது. இவ்வளவுக்குப் பிறகும் கல் பழகவில்லை. விரலை வைத்தால் ஒட்டிக்கொள்ளும் பிசுக்குத்தான் மிஞ்சியது.

கல்லைத் தேய்த்துக் கழுவி மறுபடி தொடங்குவதற்குள், நம் பக்கத்து மளிகைக் கடையிலும் செக்கிலும் கிடைக்கிற எண்ணெய்களில் எது வாடை குறைவாகவும் வேலை முழுமையாகவும் முடியக்கூடியது என்பதை ஓரளவு முறையாகவே பார்த்துவிட்டேன். ஒரு தோசைக்கல், ஒரு குழிப்பணியாரக்கல், வீட்டில் ஏற்கெனவே இருந்த ஒரு பழைய இரும்புச்சட்டி ஆகிய மூன்றிலும் சோதித்ததன் முடிவுகளும், அவற்றுக்கான காரணங்களும் இங்கே.

பழக்குதல் என்று நாம் சொல்வது இரும்பு எண்ணெயைக் குடிப்பதன்று. வார்ப்பிரும்பின் மேற்பரப்பு சொரசொரப்பானது. அதன்மேல் மிக மெல்லியதாகத் தடவிய எண்ணெய், சூட்டில் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறோடு மூலக்கூறு பிணைந்து, திரவமாக இருந்தது திடமான கரும்படலமாக மாறுகிறது. வேதியியலில் இதைப் பலபடியாதல் என்பார்கள். இந்தப் பிணைப்பு நடக்க எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் இரட்டைப் பிணைப்புகள் இருக்க வேண்டும். அவை எவ்வளவு இருக்கின்றன என்பதைக் காட்டும் அளவுதான் அயோடின் மதிப்பு. ஆளிவிதை எண்ணெய்க்கு அது ஏறத்தாழ 170 முதல் 200 வரை. சூரியகாந்திக்கு 120 முதல் 140. நல்லெண்ணெய்க்கு 105 முதல் 120. தவிட்டெண்ணெய்க்கு 90 முதல் 105. கடலையெண்ணெய் 90-ஐ ஒட்டி. விளக்கெண்ணெய் 82 முதல் 90. தேங்காயெண்ணெய்க்கு வெறும் 7 முதல் 10. எண் கூடக்கூட எண்ணெய் விரைவாக இறுகும். இந்த ஒரு கணக்கை மட்டும் பார்த்தால் ஆளிவிதைதான் முதலிடம் பெற வேண்டும். ஆனால் நம்முடைய கேள்வி இறுகுவதைப் பற்றியது மட்டுமன்று, வாடையையும் பற்றியது.

வாடை என்பதும் ஒன்றல்ல. மூன்று வேளைகளில் மூன்று விதமாக வருகிறது. முதலாவது எண்ணெய்க்கே உரிய மணம்: செக்குக் கடலையெண்ணெயைச் சுடவைத்ததும் தெருமுனைவரை தெரிகிறதே, அது. இரண்டாவது, புகையும் நிலையைத் தாண்டியதும் எழுகிற நெடி. கொழுப்பிலுள்ள கிளிசரின் பகுதி சிதைந்து அக்ரோலின் என்ற வாயு உண்டாகிறது. கண்ணை எரிப்பதும் தொண்டையைப் பிடிப்பதும் அதுதான், எந்த எண்ணெயைக் கருக்கினாலும் அது வரும். மூன்றாவது, பலரும் கணக்கில் எடுக்காதது: சரியாக இறுகாமல் கல்லில் தங்கிய எண்ணெய் சில வாரங்களில் சிக்குப் பிடித்து, அடுத்த முறை கல்லை அடுப்பில் வைத்ததும் பழைய வடைச்சட்டியைப் போல வீசுகிற வாடை. பழக்குகிற அன்று மணமே இல்லாமல் நடந்துகொண்ட எண்ணெய், ஒரு மாதம் கழித்து இந்த மூன்றாவது வாடையை வீசக்கூடும். எனவே ஒவ்வோர் எண்ணெயையும் மூன்று வேளையிலும் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

என்னைக் கவிழ்த்த விளக்கெண்ணெயிலிருந்தே தொடங்குகிறேன். நம் பாட்டிமார் அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இல்லாமலில்லை. விலை குறைவு, எந்த வீட்டிலும் இருக்கும், கெட்டியாக இருப்பதால் வழிந்தோடாமல் கல்லில் நிற்கும், துருவையும் நன்றாகத் தடுக்கும். அவர்கள் அதைக் கொல்லையில் விறகடுப்பில், திறந்த வானத்தின் கீழே, நாள்கணக்கில் சிறிது சிறிதாகச் செய்தார்கள்; வாடை வாழைக்கொல்லையோடு போயிற்று. ஆனால் விளக்கெண்ணெயின் பெரும்பகுதி ரிசினோலிக் அமிலம். நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அது ஒன்றே. அதில் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்புத்தான் உண்டு. ஆகவே விளக்கெண்ணெய் தானாக உலராத எண்ணெய் வகையைச் சேர்ந்தது. அதன் கெட்டித்தன்மையே இன்னொரு கேடு: எவ்வளவு துடைத்தாலும் சற்றுத் தடிமனாகத்தான் நிற்கும், தடிமனாக நின்றால் மேலே தோல்கட்டி அடியில் பிசுக்காகவே இருக்கும். மூடிய அடுப்படியில் வாயு அடுப்பில் செய்பவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறொன்றையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். கோயில் ஊர்களில் எங்கு பார்த்தாலும் தொங்குகிற, பல எண்ணெய்களைக் கலந்து வாசனையும் சேர்த்த 'தீப எண்ணெய்' புட்டிகளை விளக்கெண்ணெய் என்று எண்ணிக் கல்லில் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது விளக்குக்கு மட்டுமே உரியது, சாப்பாட்டுப் பாத்திரத்தின் பக்கம் வரக்கூடாது.

நல்லெண்ணெயைப் பற்றி எழுதும்போது நடுநிலையாக இருப்பது எனக்குச் சிறிது கடினம். சம்பா அறுத்த வயலில் உளுந்தும் பயறும் எள்ளும் தெளிக்கிற மண் இது. தோசைக்கு நல்லெண்ணெய் என்பது எங்களுக்கு விவாதத்துக்குரிய விஷயமே அன்று. அயோடின் மதிப்பும் போதுமான அளவு இருக்கிறது, படலம் நன்றாகவே உருவாகிறது. இருந்தும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிற படலத்தின் முதல் அடுக்குகளுக்கு அது எனக்கு உகந்ததாகப் படவில்லை. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் சுத்திகரிக்கப்படாதது. அதன் புகைநிலை, அதாவது புகையத் தொடங்குகிற சூடு, ஏறத்தாழ 175 டிகிரி செல்சியஸ்தான். படலம் இறுகுவதற்கு நாம் தருகிற சூடு அதைத் தாண்டிவிடுவதால், ஒவ்வோர் அடுக்கிலும் புகையும் நெடியும் தவிர்க்க முடியாதவை. செக்கில் எள்ளோடு கருப்பட்டியும் சேர்த்து ஆட்டுவது வழக்கம். மண்டி நன்றாகத் தெளியாத எண்ணெயாக இருந்தால் அந்தத் துகள்கள் எண்ணெய்க்கு முன்பே கருகும். அதோடு எள்ளில் இயற்கையாகவே உள்ள பொருள்கள் ஆக்சிஜனோடு எண்ணெய் சேர்வதைத் தடுத்து நிறுத்தும் தன்மையுடையவை. மாவடுவிலும் ஆவக்காயிலும் நல்லெண்ணெய் ஊற்றி வருடக்கணக்கில் வைத்தாலும் சிக்குப் பிடிக்காமலிருப்பதற்குக் காரணமான அந்த நற்குணமே, கல்லில் படலம் விரைவாக இறுகுவதற்கு இடையூறாகிறது. ஊறுகாய்க்கு நல்லது கல்லுக்குத் தாமதம். ஆனால் பழகி முடிந்த கல்லை நாள்தோறும் பராமரிக்க நல்லெண்ணெயை விஞ்சியது எதுவும் இல்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. அது தோசையின் சூட்டிலேயே, புகையாமல், கொஞ்சங்கொஞ்சமாகப் படலத்தை ஊட்டிக்கொண்டே இருக்கும்.

தேங்காயெண்ணெயை விரைவாகக் கடந்துவிடலாம். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து உறவினர்கள் வீட்டில் அது குடம் குடமாக இருப்பதால் அவர்கள் முதலில் அதையே எடுக்கிறார்கள். பழக்குகிற அன்று அதன் மணம் இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அதிலுள்ள கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றது. இரட்டைப் பிணைப்பே இல்லாததை எதனோடு பிணைப்பது? கல்லில் பளபளவென்று தங்குவது படலமன்று, வெறும் எண்ணெய்தான். அடுத்த முறை சோப்புப் பட்டால் போய்விடும். படாவிட்டால் ஈரக்காற்றில் சிக்குப் பிடிக்கும். நெய்யும் ஏறத்தாழ இதே கதைதான். புகைநிலை 250-ஐ எட்டுவதால் புகை குறைவு, ஆனால் படலமும் குறைவு. வீட்டு நெய்யில் கசண்டு சிறிதேனும் இருந்துவிட்டால் அது கருகிப் புள்ளிபுள்ளியாக ஒட்டும். வனஸ்பதியும் இதே வரிசையில் வருவதுதான். மேலைநாடுகளில் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். நம் பக்கத்துப் பெரும்பாலான வீடுகளில் அந்தக் கேள்வியே எழாது.

கடலையெண்ணெயில் செக்குக்கும் சுத்திகரித்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. செக்கெண்ணெய் 160 டிகிரியிலேயே புகையத் தொடங்கும், மணமும் ஓங்கி வரும்; சுத்திகரித்தது 230 வரை தாங்கும், மணமும் இல்லை. ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கடலையைச் செக்கில் ஆட்டி வாங்கி வைத்திருப்பவர்கள் அதை வறுவலுக்கு வைத்துக்கொள்வதே நல்லது. சுத்திகரித்த கடலையெண்ணெய் மோசமில்லை. ஆனால் அதைவிடச் சிறந்தது அதே கடையில், பெரும்பாலும் அதைவிடக் குறைந்த விலையில் கிடைக்கும்போது அதைத் தேட வேண்டியதில்லை.

ஆளிவிதை எண்ணெய்க்குச் சிறிது இடம் ஒதுக்க வேண்டும். ஏனென்றால் 2010-ஐ ஒட்டி இணையத்தில் பரவிய ஓர் அலைக்குப் பிறகு, வார்ப்பிரும்பு என்றாலே ஆளிவிதை என்று சொல்வது வெளிநாட்டுச் சமையல் ஆர்வலர்களிடையே ஒரு பெருவழக்காயிற்று, அது நம் இளைஞர்களிடமும் வந்துசேர்ந்தது. கேட்பதற்கு வாதம் சரியானதே: ஓவியர்கள் வண்ணத்தைக் குழைக்கவும் மரத்துக்கு மெருகூட்டவும் நூற்றாண்டுகளாகப் பயன்படுத்துவது இந்த எண்ணெய்தான், அது காற்றிலேயே உலர்ந்து இறுகும். முதலில் பார்க்கும்போது படலம் கண்ணாடி போல மின்னத்தான் செய்கிறது. நான் பணியாரக்கல்லில் ஒரு பாதிக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். சுட்டபோது எழுந்த வாடை, மீன் காய்ந்து கருவாடாகுமுன் வீசுகிற வாடைக்கும் புதுப் பெயின்ட் வாடைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. மரக்கறி உண்ணும் வீட்டில் அதை விளக்கிச் சொல்வதே சங்கடமாயிற்று. ஆறாவது வாரம் குழிகளின் விளிம்பில் படலம் பொருக்குப் பொருக்காக உரிந்து பணியாரத்தோடு வந்தது. மிகக் கடினமாக இறுகுகிற படலம் நொறுங்கும் தன்மையும் உடையது. இரும்பு சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குகையில் அதனால் வளைந்துகொடுக்க முடிவதில்லை. என் பணியாரக்கல்லுக்கு நேர்ந்தது பலருக்கும் நேர்ந்திருக்கிறது.

இதில் இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. பெயின்ட் கடையில் கிடைக்கும் ஆளி எண்ணெயில், விரைவில் உலர்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருக்கக்கூடும். சமையல் பாத்திரத்துக்கு அது ஒருபோதும் ஆகாது. உணவுக்கென்று விற்பதையே வாங்கினாலும், அந்த எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் குவித்து வைக்கக்கூடாது. உலரும்போது எண்ணெய் வெளிவிடும் சூடு மடிப்புக்குள் தேங்கி, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். விரித்துக் காயவிட வேண்டும், அல்லது தண்ணீரில் அலசி விரித்துப் போட வேண்டும்.

இனி எஞ்சியிருப்பவை சூரியகாந்தியும் தவிடும். உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

சுத்திகரிப்பு ஆலையில் கடைசிப் படி மணம் நீக்குதல். காற்றை உறிஞ்சிய கொள்கலனில், 200 டிகிரிக்கும் மேற்பட்ட சூட்டில், எண்ணெய்க்குள் நீராவியைச் செலுத்தி மணமுள்ள பொருள்களையெல்லாம் ஆவியாக்கி எடுத்துவிடுகிறார்கள். உண்ணும்போது 'உயிரில்லாத எண்ணெய்' என்று செக்குப் பற்றாளர்கள் பழிக்கிற இந்தக் குணமே, கல்லைப் பழக்கும்போது நமக்கு வேண்டியது. நாவுக்குக் குறையாகப்படுவது மூக்குக்கு நன்மையாகிறது. தனித்தியங்கும் கொழுப்பு அமிலங்களும் சுத்திகரிப்பில் நீங்கிவிடுவதால் புகைநிலையும் மேலே போகிறது.

சுத்திகரித்த சூரியகாந்தி எண்ணெயில் பாதிக்கும் மேல் லினோலிக் அமிலம். அதில் இரட்டைப் பிணைப்புகள் இரண்டு. புகைநிலை 225 டிகிரியை ஒட்டி. விரைவாக இறுகுகிறது, இறுகிய பிறகு ஆளிவிதையைப் போல நொறுங்குவதில்லை. தோசைக்கல்லில் நான்கு அடுக்குகளுக்குப் பிறகு கருமையும் வழவழப்பும் வந்துவிட்டன. ஐந்தாம் நாள் முதல் தோசையைச் சுட்டபோது நடுவில் மட்டும் சற்றே பிடித்தது, இரண்டாவது எழுந்து வந்துவிட்டது. வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று: ஒலிக் அமிலம் மிகுந்த வகை என்று தனியாக அச்சிட்டு விற்கும் சூரியகாந்தி எண்ணெயும் உண்டு, அது பொரிப்பதற்கு நல்லது, ஆனால் இரட்டைப் பிணைப்புகள் குறைவென்பதால் பழக்குவதற்கு மெதுவானது. சாதாரண வகையே போதும். சோயா எண்ணெயும் இதே குணமுடையது. அமெரிக்காவில் 1896-இல் தொடங்கிய லாட்ஜ் என்ற வார்ப்பிரும்புப் பாத்திர நிறுவனம் தன் பாத்திரங்களை ஆலையிலேயே சோயா எண்ணெய் கொண்டுதான் பழக்கி அனுப்புகிறது. வீட்டில் சோயா இருந்தால் சூரியகாந்தியை வாங்கப் போக வேண்டாம்.

தவிட்டெண்ணெய் நம் மண்ணின் எண்ணெய் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதை எந்தச் செக்கிலும் ஆட்டி வாங்க முடியாது. அரைத்த மறுகணமே தவிட்டிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்கிவிடுகிறது. பச்சரிசித் தவிடு சில நாளிலேயே காறிப்போவதை மாட்டுத்தீவனம் வைத்திருப்பவர்கள் அறிவார்கள். அதனால் தவிட்டை உடனுக்குடன் பதப்படுத்தி, ஆலையில் கரைப்பான் கொண்டு எண்ணெயைப் பிரித்துச் சுத்திகரிக்கிறார்கள். புழுங்கல் நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி அடங்கிவிடுவதாலும், எண்ணெய் தவிட்டோடு கூடுதலாகச் சேர்வதாலும், புழுங்கல் தவிடுதான் எண்ணெய் ஆலைக்கு உகந்தது. ஆகக் கடையில் கிடைக்கும் தவிட்டெண்ணெய் எல்லாமே சுத்திகரித்தது, எல்லாமே மணம் நீக்கியது. புகைநிலை 230 டிகிரிக்கும் மேல். பழக்கும்போது எழுந்த வாடையை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால், நான் சோதித்தவற்றில் இதற்கே முதலிடம்; பழைய இரும்புச்சட்டியில் மூன்றாவது அடுக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா தற்செயலாக வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போனார், அடுப்பில் என்ன நடக்கிறது என்று அவர் கேட்கவே இல்லை. குறை என்னவென்றால், இறுகுவது மெதுவாக. அயோடின் மதிப்பு குறைவு. ஓரைசனால் என்ற இயற்கைப் பொருள் எள்ளில் உள்ளவற்றைப் போலவே ஆக்சிஜனைத் தடுத்து வைக்கிறது. சூரியகாந்தியில் நான்கு அடுக்கில் முடிந்தது, இதில் ஆறு அடுக்கு ஆயிற்று. ஒவ்வோர் அடுக்குக்கும் பத்து நிமிடம் கூடுதலாகவே வைக்க வேண்டியிருந்தது.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு மெனக்கெட்ட பிறகு, எழும் புகையில் பெரும்பங்கை முடிவு செய்தது எண்ணெயின் வகையைவிட அதன் அளவும் அடுப்பின் தீயும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விளக்கெண்ணெயை நான் ஊற்றிய அளவில் ஊற்றியிருந்தால் சூரியகாந்தியும் தெருவைக் கூட்டியிருக்கும். 12 அங்குலக் கல்லுக்கு அரைத் தேக்கரண்டி எண்ணெயே அதிகம். தடவிய பிறகு, பழைய வேட்டித் துணியால், தவறிப்போய்த் தடவிவிட்டோம் என்பது போல முழுவதையும் துடைத்தெடுத்துவிட வேண்டும்; கல்லைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் ஈரப் பளபளப்பு தெரியக்கூடாது, வெறும் கறுப்பு மட்டுமே தெரிய வேண்டும். அப்போதும் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு எண்ணெய் அதில் இருக்கும். படலத்துக்கு அது போதும். தேங்கிய எண்ணெய்தான் புகையும், பிசுக்காகும், பிறகு சிக்கும் பிடிக்கும்; மேலே சொன்ன மூன்று வாடைகளுக்கும் ஒரே ஊற்று இதுதான்.

சூட்டை அளக்க வீட்டில் கருவி இருக்காது. தோசை வார்க்கிறவர்களுக்கு அது தேவையுமில்லை. கல்லில் தண்ணீர் தெளித்தால் முதலில் 'சுர்'ரென்று பரவி வற்றும். இன்னும் சூடேறினால் துளி பரவாமல் முத்துப்போல உருண்டு ஓடும். அந்த முத்து ஓடத் தொடங்குகிற நிலை ஏறத்தாழ 200 டிகிரி. எண்ணெய் தடவுவதற்கு முன், வெறுங்கல்லில், இந்த நிலை எந்தத் தீயில் எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று ஒருமுறை பார்த்துவைத்துக்கொண்டால், பிறகு அதே தீயில் வைத்து, அரை மணி முதல் முக்கால் மணி வரை விட்டுவிடலாம். சூரியகாந்தியும் தவிடும் அந்தச் சூட்டில் இறுகும், ஆனால் புகைநிலையை எட்டாது. வேகமாக முடிக்கப் பெரிய தீ வைப்பதுதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. வார்ப்பிரும்பு சூட்டை அலுமினியத்தின் நான்கில் ஒரு பங்கு அளவுக்கே கடத்தும். பெரிய தீயில் நடுக்கல் கருகிக்கொண்டிருக்கும்போது விளிம்பு வெதுவெதுப்பாகவே இருக்கும். சிறிய தீயில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கல்லை நகர்த்தி விளிம்பைத் தீக்குக் காட்டினால் ஓரமும் நடுவும் ஒன்றாகக் கறுக்கும். ஓடிஜி என்கிற மின்சாரப் பெட்டியடுப்பு வைத்திருப்பவர்களுக்கு, கல் உள்ளே நுழையுமானால், இந்தத் தொல்லை இல்லை. 200-இல் வைத்து, கல்லைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு மணி நேரம் விட்டால் போதும்.

முதல் அடுக்குக்கு முன்னால் கழுவுவதும் வாடையைப் பொறுத்த விஷயமே. கடையில் துருப்பிடிக்காமலிருக்கப் புதுக்கல்லில் ஏதாவதொரு எண்ணெயோ மெழுகோ பூசியிருப்பார்கள்; அது எரிகிற நெடியை நாம் தடவிய எண்ணெயின் தலையில் சுமத்திவிடுகிறோம். சோப்பும் தேங்காய் நாரும் கொண்டு நன்றாகத் தேய்த்துக் கழுவி, உடனே அடுப்பில் வைத்து ஈரத்தைப் போக்கிவிட வேண்டும். சாதம் வடித்த கஞ்சியில் மூன்று நாள் ஊறப்போடுகிற நம் வழக்கமும் இந்தச் சுத்தம் செய்கிற வேலையைச் சேர்ந்ததுதான்: புளித்த கஞ்சியின் மென்மையான அமிலம் துருவையும் வார்ப்பில் ஒட்டிய மணலையும் இளக்கிவிடும். ஆனால் அதுவே பழக்குவதாகாது, புளித்த வாடையும் கொல்லை இல்லாத வீட்டில் சிறிய தொல்லையன்று. நல்ல சோப்பு இருக்கிறபோது கஞ்சியைக் குடித்துவிடலாம் என்பது என் கருத்து. அதேபோல வெங்காயத்தை நறுக்கித் தேய்த்துப் பழக்குவதையும், வாடை வேண்டாம் என்பவர்கள் விட்டுவிடலாம்; எண்ணெய் தொட்டுத் தடவக் கத்தரிக்காய்க் காம்பு இருக்கவே இருக்கிறது.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது என் தேர்வு வீட்டைப் பொறுத்து மாறுகிறது. ஓடிஜி உள்ளவர்களும், சிறு தீயை நிதானமாக வைத்துக்கொள்ளப் பொறுமை உள்ளவர்களும் சூரியகாந்தியை எடுக்கலாம். படலம் உறுதி, அடுக்கு குறைவு. எங்கள் வீட்டைப் போல ஒற்றை ஜன்னல் அடுப்படியும், ஒட்டிய சுவரும், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் அருகிலும் இருந்தால் தவிட்டெண்ணெயை எடுத்து, இரண்டு அடுக்குக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். தீ சிறிது கூடிப்போனாலும் அது மன்னிக்கும். கொல்லையும் விறகடுப்பும் இன்னும் இருக்கிற திருவையாற்று, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்து வீடுகளில் இந்தக் கவலையே வேண்டாம், நல்லெண்ணெயே போதும். மூன்று வீட்டிலும் பழகிய பிறகு நாள்தோறும் தடவுவது நல்லெண்ணெய்தான்.

கல்லை எடுத்து வைப்பதிலும் எண்ணெயின் தேர்வு ஒருமுறை குறுக்கிடுகிறது. ஐப்பசி அடைமழையில் எங்கள் ஊரில் சுவரே வியர்க்கும்; நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். வாரக்கணக்கில் கல்லை எடுக்கப் போவதில்லை என்றால் கழுவி, அடுப்பில் சூடாக்கி ஈரம் போக்கி, சூடு ஆறுவதற்குள் தவிட்டெண்ணெயை ஒரு சொட்டு தடவித் துடைத்து வைப்பதே நல்லது. எளிதில் சிக்குப் பிடிக்காத அதன் குணம் இங்கேதான் பயன்படுகிறது. சூரியகாந்தியைத் தடவி வைத்தால் விரைவாக வாடை பிடிக்கும். மூடிவைக்காமல், பழைய செய்தித்தாளைச் சுற்றி, சுவரில் சாய்த்து நிறுத்தி வைக்கிறேன். கார்த்திகை தீபத்தன்று அப்பம் சுட இந்த ஆண்டு பணியாரக்கல்லை வெளியே எடுத்தபோது, ஆளிவிதை உரிந்த பாதியைச் சுரண்டிவிட்டுத் தவிட்டெண்ணெயில் மறுபடி பழக்கியிருந்த ஏழு குழிகளிலும் துரு இல்லை; மூக்கை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தேன், செய்தித்தாளின் மை வாடை மட்டுமே அடித்தது.